குழந்தையை வளர்ப்பவர் மாறினால் ஜீவனாம்ச உத்தரவை மாற்றுவது எப்படி

அம்மாவிடம் இருந்த பிள்ளை அப்பாவிடம் வந்துவிட்டது. அல்லது அம்மா வேலைக்காக வெளியூர் போய்விட, பிள்ளை பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் மாதாமாதம் இவ்வளவு கொடு என்று நீதிமன்றம் போட்ட உத்தரவு மட்டும் பழைய பெயரில், பழைய கணக்கில் அப்படியே நிற்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். பணம் கட்டுகிறவர், “பிள்ளைதான் அங்கே இல்லையே” என்று தானாக நிறுத்திவிடுகிறார். வளர்க்கிறவர், “உத்தரவு என் பெயரில் இல்லையே” என்று கேட்காமலே கைக்காசைச் செலவழிக்கிறார். முதல் தவறு வாரண்டில் முடியும். இரண்டாவது தவறில் பிள்ளைக்குச் சேர வேண்டிய பணம் மாதக்கணக்கில் போய்விடும்.

பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே பணம் போய்ச் சேர வேண்டும். ஆனால் அதை அந்தப் பக்கம் திருப்பிவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு. இருவரும் பேசி முடித்துக்கொண்டாலும், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டாலும், முத்திரைப் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கினாலும் பழைய உத்தரவு உயிரோடுதான் இருக்கும். அந்தப் பத்திரம் நாளைக்கு ஒரு சாட்சியமாக உதவலாம். நீதிமன்ற உத்தரவை அதனால் ரத்து செய்ய முடியாது.

முதலில் பழைய உத்தரவைக் கையில் எடுங்கள்

வழக்கு எண் மட்டும் தெரிந்தால் போதாது, உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி வந்த ஜீவனாம்ச உத்தரவு என்றால், யாருக்குச் சாதகமாக உத்தரவு ஆனதோ அவருக்கோ அவருடைய காப்பாளருக்கோ ஒரு நகலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். நகல் தொலைந்துபோனால் நகல் பிரிவில் மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம். வழக்கு எண்ணே நினைவில்லை என்றால், இ-கோர்ட்ஸ் தளத்தில் 16 எழுத்து எண்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்குமான தனி அடையாள எண்) வைத்தோ, பெயரையும் ஆண்டையும் வைத்தோ தேடலாம்.

நகல் கிடைத்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, எந்தச் சட்டத்தின் கீழ் போட்ட உத்தரவு? மாற்றும் வழி இதைப் பொறுத்தது. 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவு என்றிருக்கும். அதே பிரிவு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 144. பழைய சட்டத்தில் 127-ஆக இருந்த, தொகையை மாற்றும் பிரிவு இப்போது 146. வசூலிக்கும் பிரிவு 128 இப்போது 147. பழைய சட்டத்தில் வந்த உத்தரவுகள் புதிய சட்டத்திலும் செல்லும். “சட்டம் மாறிப்போச்சு, உத்தரவு போச்சு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விவாகரத்து வழக்கோடு சேர்ந்து பிள்ளைக்கு ஜீவனாம்சம் வந்திருந்தால், அது இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவாக இருக்கலாம். தீர்ப்புக்குப் பிறகும் மனு போட்டு அதை மாற்றவோ நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அந்தப் பிரிவே இடம் தருகிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் திருமணம் பதிவானவர்களுக்கு 38-ஆம் பிரிவு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி வந்தது என்றால் 25(2). இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி வந்தது என்றால் 25-ஆம் பிரிவு. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: சூழ்நிலை மாறியதை நிரூபித்தால் உத்தரவை மாற்றலாம்.

இரண்டு, தொகை பிரித்து எழுதப்பட்டிருக்கிறதா? “1-ஆம் மனுதாரரான மனைவிக்கு ரூ. 8,000, 2-ஆம் மனுதாரரான மைனருக்கு ரூ. 5,000” என்று தனித்தனியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது, பிள்ளையின் 5,000-ஐ மட்டும் தொட்டால் போதும். “இருவருக்கும் சேர்த்து ரூ. 13,000” என்றிருந்தால் சிக்கல். பிள்ளை வேறு கைக்குப் போனது என்பதற்காக மனைவியின் பங்கு தானாகக் குறையாது. எவ்வளவு யாருடையது என்பதை நீதிமன்றம்தான் பிரிக்க வேண்டும். அதனால் மனுவில் முதல் கோரிக்கையாகவே தொகையைப் பிரித்துக் கேளுங்கள்.

மூன்று, பிள்ளையின் சார்பில் யார் நின்றார்? பெரும்பாலும் “மைனர், தாயும் இயற்கைக் காப்பாளருமான 1-ஆம் மனுதாரர் மூலம்” என்றிருக்கும். வளர்ப்பவர் மாறினால் இந்த வரியும் மாற வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் சின்னக் கதவு

144-ஆம் பிரிவின் வாசகத்தைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். தொகையைக் கொடுக்கச் சொல்வதோடு அது நிற்கவில்லை. நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) அவ்வப்போது குறிப்பிடும் நபரிடம் அந்தத் தொகையைச் செலுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த “அவ்வப்போது” மிக முக்கியமான சொல். அப்பா மாதம் 7,000 கட்டுகிறார், பிள்ளை அம்மாவிடமிருந்து தாய்வழிப் பாட்டியிடம் போய்விட்டது, தொகையில் யாருக்கும் தகராறு இல்லை என்றால், வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டியதில்லை. தொகை அப்படியே இருக்கட்டும், பெறுபவரை மட்டும் மாற்றுங்கள் என்று கேட்டால் போதும். “தொகையையும் உயர்த்துங்கள்” என்று அதோடு சேர்த்தால், இரு தரப்பு வருமானம், சொத்து, கடன் எல்லாம் விசாரணைக்கு வரும், வாய்தாக்கள் கூடும். உயர்வு உண்மையிலேயே வேண்டுமென்றால் கேளுங்கள். பெறுபவரை மாற்றும் கோரிக்கையையும் உயர்வுக் கோரிக்கையையும் தனித்தனியாக எழுதி, முதலாவதை இடைக்கால உத்தரவாகவே கேட்டுவிடுங்கள்.

யாரிடமிருந்து யாரிடம்?

பிள்ளை, பணம் கட்டுகிற பெற்றோரிடமே வந்துவிட்டது என்றால், அவர் 146-ன் கீழ் பிள்ளையின் பங்கை மட்டும் ரத்து செய்யக் கோரலாம். ஆனால் பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பு ஏற்கனவே ஒரு கஸ்டடி உத்தரவால் மற்றவருக்குத் தரப்பட்டிருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும், அல்லது இரண்டு மனுவையும் சேர்ந்தே போட வேண்டும். கஸ்டடி உத்தரவு அம்மா பெயரில் இருக்க, விடுமுறைக்கு வந்த பிள்ளையை அப்பா திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டு ஜீவனாம்சத்தை ரத்து செய்யக் கேட்டால், நீதிமன்றம் அதைச் சூழ்நிலை மாற்றமாகப் பார்க்காது, உத்தரவு மீறலாகத்தான் பார்க்கும்.

இதே நிலையில், இனி தான் வளர்ப்பதால் மற்ற பெற்றோரும் பங்கு தர வேண்டும் என்று கேட்க நினைப்பவர்களுக்கு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தெளிவான வழி. மைனர் பிள்ளையைக் காப்பாற்றும் கடமையை அது அப்பா, அம்மா இருவர் மேலும் வைக்கிறது.

தாத்தா பாட்டி, சித்தி, மாமா போன்ற உறவினரிடம் பிள்ளை போனால் பெற்றோரின் கடமை ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. “அவங்கதானே ஆசைப்பட்டு வச்சிருக்காங்க” என்பது சட்டத்தில் எடுபடாத பேச்சு. பிள்ளையின் பெயரில், அதன் “அடுத்த நண்பராக” (மைனருக்காக வழக்கு நடத்துபவராக) அந்த உறவினர் மனு போடலாம். மனுவில் பணம் கட்டுகிற அப்பாவை மட்டும் சேர்த்தால் போதாது; இதுவரை பணம் பெற்றுவந்த அம்மாவையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அவருக்கு நோட்டீஸ் போகாமல் வந்த உத்தரவை அவர் பிறகு வந்து எளிதாக உடைத்துவிடுவார்.

வளர்த்துவந்தவர் இறந்துவிட்டால் உடனே செயல்படுங்கள். பிள்ளைக்குச் சேர வேண்டிய தொகை பிள்ளையுடையது. வளர்த்தவர் இறந்ததால் அது அழியாது. ஆனால் வங்கிக் கணக்கு முடங்கிப் போகும், பணம் கட்டுகிறவரும் “யாரிடம் கட்டுவது” என்று நிறுத்திவிடுவார். இறப்புச் சான்றிதழை இணைத்து, காப்பாளர் பெயரையும் கணக்கையும் மாற்றக் கேட்கும் மனுவைக் காலம் கடத்தாமல் போடுங்கள். உயிரோடு இருக்கும் பெற்றோரே பிள்ளையைக் கேட்டு வரக்கூடும் என்ற நிலையில், தாத்தா பாட்டி 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின்படி தனியாக மனு போடுவது பாதுகாப்பு. அந்த மனு, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தில் போக வேண்டும்.

விடுதியில் சேர்ப்பதை வளர்ப்பவர் மாறியதாக நினைத்துவிடாதீர்கள். பிள்ளை ஹாஸ்டலில் இருந்தாலும் விடுமுறைக்கு யார் வீட்டுக்கு வருகிறது, உடம்பு சரியில்லை என்றால் பள்ளி யாருக்கு போன் செய்கிறது, ஃபீஸ் யார் கட்டுகிறார் என்பதுதான் கேள்வி. இங்கே பொருத்தமான கோரிக்கை, ஒரு பகுதியைப் பள்ளிக் கணக்கிலேயே நேராகக் கட்டச் சொல்வது. கோடை விடுமுறையில் ஒரு மாதம் அப்பா வீட்டில் இருந்தது சூழ்நிலை மாற்றம் ஆகாது. அதற்காக அந்த மாதப் பணத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது.

பிள்ளை முறையாகத் தத்துக் கொடுக்கப்பட்டால் மட்டும் கதை வேறு. தத்தெடுத்த நாளிலிருந்து பிறந்த குடும்பத்தோடு இருந்த தொடர்பு சட்டப்படி அறுந்து, பிள்ளை தத்தெடுத்தவர்களுடையதாகிறது. அப்போதும் பழைய உத்தரவை ரத்து செய்ய மனு தேவை. தத்தான நாள் வரை உள்ள பாக்கி பாக்கிதான்.

முஸ்லிம் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இதே வழி உண்டு. பழைய 125-ன் கீழ் பிள்ளைக்குள்ள உரிமை தனி உரிமை என்று 1997-இல் நூர் சபா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிள்ளை யாரிடம் இருக்கிறது என்பதை எதை வைத்துக் காட்டுவது?

“என்னிடம்தான் இருக்கிறான்” என்று சொன்னால் போதாது. மாறிய தேதியையும், அதன் பிறகு விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ச்சியாக இருப்பதையும் காட்ட வேண்டும். மிக வலுவான சான்று பள்ளிக்கூடத்திலிருந்து வருவது: மாற்றுச் சான்றிதழ், புதிய பள்ளியின் போனஃபைடு சான்றிதழ், வளர்ப்பவர் பெயரில் போட்ட ஃபீஸ் ரசீது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இ.எம்.ஐ.எஸ். எண் (ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள பதிவு எண்) பிள்ளையோடு சேர்ந்தே புதிய பள்ளிக்கும் போகும் என்பதால், எந்தத் தேதியில் எந்தப் பள்ளிக்கு வந்தது என்பது பதிவில் இருக்கும். பள்ளி மாறவில்லை என்றால், பள்ளி வேன் ரசீதில் ஏறும் இடம், பெற்றோர் கூட்டத்தில் கையெழுத்திட்டவர், பள்ளியில் கொடுத்துள்ள அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது மருத்துவச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை. ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் பெயர், முகவரி மாற்றம் நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. ஆதார் முகவரியை யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் மற்ற பெற்றோர் “இனி அவன் உங்ககூடவே இருக்கட்டும்” என்று எழுதியிருந்தால் அது தங்கம் மாதிரி. ஸ்கிரீன்ஷாட்டோடு, பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)-ன்படி மின்னணுப் பதிவுக்குத் தரும் சான்றிதழையும் இணையுங்கள், போனை மாற்றாமல் வைத்திருங்கள்.

பிள்ளையை சாட்சிக்குப் பழக்காதீர்கள். விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி தன் அறையில் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். சொல்லிக் கொடுத்த பேச்சு முதல் இரண்டு கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். அதைவிட, இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் மனசுக்கு அது செய்யும் கேடு பெரிது.

மனு எங்கே, எப்படி?

உத்தரவு போட்ட அதே நீதிமன்றம்தான். குடும்ப நல நீதிமன்றம் உள்ள மாவட்டம் என்றால் அங்கே, இல்லாத இடத்தில் நீதித்துறை நடுவர் நீதிமன்றம். முன்பு வந்த உத்தரவில் மாற்றம் வேண்டுமென்றால் அந்த வழக்கிலேயே கேட்க வேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புதிய ஊரில் புது வழக்குப் போட்டு, பழையதைச் சொல்லாமல் மறைத்தால் கையும் களவுமாக மாட்டுவீர்கள். நிலுவையில் உள்ள, முடிந்த எல்லா வழக்குகளையும் தெரிவிப்பது கட்டாயம். பிள்ளையோடு தூர ஊருக்குப் போய்விட்டதால் பழைய நீதிமன்றத்துக்கு அலைய முடியவில்லை என்றால், வழக்கை மாற்றித் தரக் கேட்கலாம்: மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றம், மாநிலம் தாண்டி என்றால் உச்ச நீதிமன்றம்.

மனுவோடு உறுதிமொழிப் பத்திரம், பழைய உத்தரவின் சான்றிட்ட நகல், ஆவணப் பட்டியல், தொகையிலும் மாற்றம் கேட்டால் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். இந்தப் பிரமாணப் பத்திரத்தின் படிவத்தை ரஜ்னேஷ் வழக்கே தந்திருக்கிறது, விவசாயம் சார்ந்தவர்களுக்கு அதில் தனிப் படிவம் உண்டு. எதிர்த்தரப்பு பதிலை நான்கு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். வருமானத்தைக் குறைத்துக் காட்டிப் பிடிபட்டால் பொய்யுறுதிக்கான நடவடிக்கை வரும். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று தாக்கல் செய்யும் முன் நீங்களே பாருங்கள்.

கோரிக்கைப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. பிள்ளை தாய்வழிப் பாட்டியிடம் வளர்கிறது, தொகையில் மாற்றம் வேண்டாம் என்ற நிலைக்கு:

“மேற்படி எம்.சி. (ஜீவனாம்ச) வழக்கில் இந்த நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், 2-ஆம் மனுதாரரான மைனருக்கு மாதம் ரூ. 7,000 வழங்க வேண்டும் என்ற பகுதியை மட்டும் மாற்றி, அத்தொகையை இம்மனு தாக்கலான தேதியிலிருந்து, மைனரை வளர்த்துவரும் தாய்வழிப் பாட்டியின் வங்கிக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் செலுத்துமாறு 1-ஆம் எதிர்மனுதாரருக்கு உத்தரவிடவும். மைனரின் அடுத்த நண்பராகப் பாட்டியைப் பதிவு செய்யவும். மனு முடியும் வரை இதே ஏற்பாட்டை இடைக்கால உத்தரவாக வழங்கவும். முன்தேதி பாக்கியை வசூலிக்கும் மைனரின் உரிமை பாதிக்கப்படாது எனத் தெளிவுபடுத்தவும் வேண்டுகிறோம்.”

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. “பகுதியை மட்டும்” என்பது மனைவியின் பங்கைக் காப்பாற்றுகிறது. “தாக்கலான தேதியிலிருந்து” என்று கேட்காமல் விட்டால், உத்தரவு நாளிலிருந்துதான் மாற்றம் என்று போய்விடலாம். நடுவில் கழிந்த மாதங்கள் யாருக்கு என்பதில் இன்னொரு சண்டை வரும். “5-ஆம் தேதிக்குள்” என்று நாள் குறித்தால்தான் தவறியது எப்போது என்று கணக்கிட முடியும். கடைசித் துண்டு இல்லையென்றால், “மாற்றிவிட்டதால் பழைய பாக்கி முடிந்தது” என்று வாதிடுவார்கள்.

நோட்டீஸுக்கான பேட்டாவை (அதை அனுப்புவதற்கான கட்டணத்தை) உடனே கட்டுங்கள், சரியான முகவரி கொடுங்கள். நிறைய மனுக்கள் சட்டப் பிரச்சினையால் தோற்பதில்லை. பேட்டா கட்டாமல், முகவரி தவறி, “நோட்டீஸ் சார்வாகவில்லை” (போய்ச் சேரவில்லை) என்றே ஆறேழு வாய்தா போய், கடைசியில் தள்ளுபடி ஆகின்றன. வேலை பார்க்கும் இடத்தின் முகவரியையும் இரண்டாவதாகக் கொடுத்துவிடுங்கள்.

குடும்ப நல நீதிமன்றத்தில் முதலில் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். தொகையில் தகராறு இல்லையென்றால் அங்கேயே கூட்டு மெமோ (இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் குறிப்பு) தாக்கல் செய்து முடித்துவிடலாம். ஒத்துக்கொண்டதை வாயால் சொல்லி விட்டுவிடாமல், மெமோவை ஏற்று நீதிபதி உத்தரவு போடும் வரை காத்திருங்கள். லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பக் கேட்பதும் நல்ல வழி, ஆனால் அங்கே வரும் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் தேதி, தொகை, கணக்கு எண் எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட அல்லது வட்ட சட்டப்பணிகள் அமைப்பை நேரில் அணுகலாம், அல்லது 15100 எண்ணில் கூப்பிடலாம். குடும்ப நல நீதிமன்றத்தில் நீங்களே நேரில் நின்று நடத்தவும் முடியும்.

தொகையையும் மாற்ற வேண்டியிருந்தால்

நம் நாட்டுச் சட்டத்தில் பிள்ளைக்கு இத்தனை சதவீதம் என்ற நிலையான வாய்ப்பாடு கிடையாது. பிள்ளையின் தேவையும் பெற்றோரின் வசதியும்தான் அளவுகோல். படிப்புச் செலவை வழக்கமாக அப்பா ஏற்க வேண்டும், அம்மாவும் போதிய அளவு சம்பாதித்தால் விகிதாச்சாரப்படி பகிரலாம் என்பது ரஜ்னேஷ் தீர்ப்பின் வழிகாட்டல். அதனால் ஒரு தாளில் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், நீதிபதிக்கும் வேலை சுலபம்.

ஒரு கற்பனைக் கணக்கு. பிள்ளை பாட்டி வீட்டில். மாதத்துக்கு ஃபீஸ் 3,000 (ஆண்டுக்கு 36,000-ஐ 12-ஆல் வகுத்தது), வேன் 1,200, சாப்பாடு 3,500, மருந்து 500, டியூஷன் 800, துணிமணி நோட்டுப் புத்தகம் 600. மொத்தம் 9,600. அப்பாவின் கைக்கு வரும் சம்பளம் 42,000, அம்மாவுடையது 18,000. இரண்டும் சேர்ந்து 60,000. அதில் அப்பா பங்கு 70 சதவீதம், அம்மா பங்கு 30. அப்பா 6,720, அம்மா 2,880 என்று கேட்கலாம். ஆண்டுச் செலவை 12-ஆல் வகுக்க மறந்து, ஜூன் மாத ஃபீஸை அப்படியே மாதச் செலவாக எழுதுவதும், பாட்டி வீட்டு மொத்த மளிகையையும் பிள்ளை கணக்கில் போடுவதும் அடிக்கடி வரும் தவறுகள். குறுக்கு விசாரணையில் இரண்டு எண் பொய்த்தால் மீதி எண்களையும் நம்ப மாட்டார்கள்.

உத்தரவு வரும் வரை

பணம் கட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் கேளுங்கள்: நிறுத்தாதீர்கள். உத்தரவு மாதம் 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஜூன் 2025-இல் உங்களிடம் வந்துவிட்டது, அன்றிலிருந்து நிறுத்திவிட்டு, மனுவை பிப்ரவரி 2026-இல் போடுகிறீர்கள். நடுவில் எட்டு மாதம், 48,000 ரூபாய். நீதிமன்றம் மனு நாளிலிருந்து ரத்து செய்தாலும் அந்த 48,000 தலைக்கு மேல் தொங்கும். போதிய காரணமில்லாமல் கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கச் சட்டம் இடம் தருகிறது. “பிள்ளை என்னிடம்தான் இருந்தது” என்பது அப்போது ஒரு காரணமாக வைக்கப்படலாம். ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் கையில். பிள்ளை வந்த வாரமே மனு போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. உண்மையிலேயே இரட்டைச் செலவு தாங்கவில்லை என்றால், பிள்ளையின் பங்கை நீதிமன்றத்தில் டெபாசிட் செய்ய அனுமதி கேளுங்கள். மனைவியின் பங்கைக் கண்டிப்பாகத் தொடர்ந்து கட்டுங்கள். ரொக்கமாக யாரிடமும் கொடுக்க வேண்டாம். வங்கி மூலம், “மைனர் ஜீவனாம்சம், மார்ச்” என்று குறிப்போடு அனுப்புங்கள். பிள்ளைக்கு சைக்கிள் வாங்கினேன், ஃபீஸ் கட்டினேன் என்று நீங்களாகக் கழித்துக்கொள்ளவும் வேண்டாம். உத்தரவில் இல்லாத கழிவு தானாக ஈடாகாது.

புதிதாக வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. 144-ஆம் பிரிவு உத்தரவின் பாக்கிக்கு வாரண்ட் கேட்க, அந்தத் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு போட வேண்டும். “கொடுப்பார், கொடுப்பார்” என்று பதினைந்து மாதம் பொறுத்தால், முதல் மூன்று மாதத் தொகையை இந்த வழியில் வசூலிக்க முடியாமல் போகும். பணம் கட்ட வேண்டியவர் ஊர் மாறியிருந்தால், அவர் இருக்கும் இடத்தின் நடுவர் மூலமும் உத்தரவை நிறைவேற்றலாம். உரிமையியல் தீர்ப்பாக வந்த ஜீவனாம்சம் என்றால் சம்பளத்தைப் பற்றுகை செய்யலாம், அதாவது நீதிமன்றம் மூலம் பிடித்தம் செய்யலாம். சாதாரணக் கடனைப் போல் இல்லாமல், ஜீவனாம்சத் தீர்ப்புக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான் விலக்கு.

இதுவரை பணம் வாங்கிவந்தவரும் கவனிக்க வேண்டியது உண்டு. பிள்ளை உங்களிடம் இல்லாத மாதங்களில் பிள்ளையின் பங்கு கணக்கில் வந்தால், அதை வளர்ப்பவருக்கு அனுப்பிவிட்டு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். செலவழித்துவிட்டால் அது உங்கள் சொந்தப் பங்குக்கான விசாரணையிலும் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

உத்தரவு கைக்கு வந்த பிறகு

நீதிமன்றத்தில் வாயால் படித்ததைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள், ஏனென்றால் மேல் நீதிமன்றத்துக்குப் போக நினைத்தால் நாட்கள் ஓடத் தொடங்கிவிடும். நகல் வந்ததும் பெயர், தொகை, தொடங்கும் தேதி, கணக்கு எண் நான்கையும் சரிபாருங்கள். ஓர் எண் பிழை இருந்தால் திருத்த மனு உடனே. எதிர்த்தரப்பு வராமல் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகியிருந்தால், அதை நீக்கக் கேட்க அவருக்கு மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை உங்கள் ஆவணங்களின் அசலைப் பத்திரமாக வையுங்கள்.

சம்பளத்திலேயே பிடித்தம் ஆகிவந்த உத்தரவு என்றால், புதிய நகலைப் பதிவுத் தபாலில் அவருடைய அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அலுவலகம் பழைய கணக்குக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், அதில் அவர்கள் தவறும் இல்லை. முதல் மாதத் தொகை புதிய கணக்கில் விழுந்த நாளைக் குறித்துவைத்து, அன்றிலிருந்து தவறும் ஒவ்வொரு மாதத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓர் ஆண்டுக் கெடு முடியும் முன் வசூல் மனு போட வேண்டியது எது என்பதை அந்த நோட்டு காட்டிவிடும்.